முன்விரோதம் காரணமாக

1

மேலவளவு கொலைகள் நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு மேலூரில். 1997 ஜூன் 30 அன்று பெரியப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடையை அடைத்துவிட்டு வந்தார். வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். "எலெக்‌ஷன் பகைடா. அதுக்கு முன்னாடியே தகராறு இருந்திருக்கு. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு. நீ போய்ப் படி" என்றார்.

நாங்கள் செத்தவர்களின் சாதி இல்லை. கொன்றவர்களின் சாதியும் இல்லை. இரண்டு பேருக்கும் சாமான் விற்கிறவர்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்பது எங்கள் தெருவின் அரசியல் நிலைப்பாடு. பெரியப்பா சொன்ன காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் ஒருநாள் ராத்திரி பேச்சு மேலவளவுக்கு வந்தது. உள்ளூர்க்காரன் என்ற முறையில் நான்தான் விளக்கம் சொன்னேன். எலெக்‌ஷன் பகை, பழைய தகராறு, ரெண்டு பக்கமும் தப்பு. எதிர்க் கட்டிலில் படுத்திருந்த நண்பன் கேட்டான்: "ரெண்டு பக்கமும்னா, அந்த இன்னொரு பக்கம் என்ன தப்பு பண்ணுச்சு?" கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவனுடைய அம்மாவுக்கு மேலவளவுப் பக்கம் என்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதே கேள்வியை எழுத்தில் கேட்ட இரண்டு பெண்களைப் பற்றியது. ஒருவர் மைதிலி சிவராமன். இன்னொருவர் அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் எழுதிய ஐடா பி. வெல்ஸ். கூடவே, அந்தக் கேள்வியைக் கேட்காமல் வேறொரு பதிலைச் சொல்லிவிட்ட ஒரு புகழ்பெற்ற நாவலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

2

நம்முடைய நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு: 'முன்விரோதம் காரணமாக'. இதை ஒரு வாசகனாக நிறுத்திப் படித்துப் பாருங்கள். 'முன்' என்பதற்குத் தேதி கிடையாது. எப்போதிருந்து என்று யாரும் கேட்க முடியாது. 'விரோதம்' என்ற சொல் இரண்டு பேரையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறது. ஒருவர்மீது ஒருவர் விரோதம் கொள்ள இரண்டு பேர் வேண்டும், அப்படியென்றால் இருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. 'காரணமாக' என்று முடிந்ததும் விசாரணையும் முடிந்துவிடுகிறது. மூன்று சொற்களுக்குள் கொலை செய்தவனும் செத்தவனும் சமமான இரண்டு தரப்புகளாகிவிடுகிறார்கள்.

என் தொழிலில் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஏன் விழுந்தது என்பதற்கு முதலில் எழுதப்படும் காரணம் பெரும்பாலும் யாருக்கும் வலிக்காத காரணமாக இருக்கும். 'கான்ஃபிகரேஷன் பிழை' என்று எழுதுவோம். நல்ல மேனேஜர் அதை ஏற்க மாட்டார். அந்தப் பிழை ஏன் வந்தது, அதை யார் அனுமதித்தது, ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போவார். நான்காவது, ஐந்தாவது 'ஏன்' வரும்போது அறையில் யாராவது ஒருவர் நெளிய ஆரம்பிப்பார். அங்கேதான் உண்மையான காரணம் இருக்கும். ஒரு சர்வருக்குக் கொடுக்கும் இந்த மரியாதையைச் சாதிக் கொலைகளுக்கு நாம் கொடுப்பதில்லை. முதல் 'ஏன்' என்பதிலேயே கோப்பை மூடிவிடுகிறோம்.

3

மைதிலி சிவராமனை இன்றைய வாசகர்களில் பலருக்கு ஜனநாயக மாதர் சங்கத் தலைவராகத் தெரிந்திருக்கலாம். வாச்சாத்தி மக்களுக்காக நின்றவர் என்று தெரிந்திருக்கலாம். அறுபதுகளில் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சபைக்கான இந்தியத் தூதுக்குழுவில் ஆய்வு உதவியாளராக இருந்தார். கறுப்பின மக்களின் போராட்டமும் வியட்நாம் போர் எதிர்ப்பும் தெருவுக்கு வந்திருந்த காலம் அது. 1968இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித்துகள். மைதிலி அந்தப் பகுதிக்கே போய், மக்களிடம் பேசி எழுதினார். என். ராம், ப. சிதம்பரம் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய 'ராடிகல் ரிவ்யூ' என்ற ஆங்கில இதழும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

அவருடைய எழுத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1973 மே மாதம் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்த கட்டுரையை. சென்னை உயர் நீதிமன்றம் கீழ்வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்திருந்த நேரம். விசாரணை நீதிமன்றம் கொடுத்திருந்த பத்தாண்டுத் தண்டனை ரத்தானது. அந்தத் தீர்ப்பின் ஒரு வாதம் தமிழ்நாட்டில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலம் வைத்திருப்பவர்கள், அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம், வேலையாட்களை அனுப்பிவிட்டுப் பின்னால் இருந்திருப்பார்கள் என்பது அதன் சாரம்.

மைதிலி தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'ஜென்டில்மென் கில்லர்ஸ் ஆஃப் கீழ்வெண்மணி'. கனவான் கொலையாளிகள். கட்டுரையின் முறை முழுக்க இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. நீதிமன்றத்தை அவர் வையவில்லை. அது கனவான்களுக்குக் கொடுத்த மதிப்பை எடுத்து, 'கொலையாளி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். கார் வைத்திருப்பது குற்றமின்மைக்குச் சாட்சியம் என்று ஒரு சமூகம் நம்புமானால், அந்த நம்பிக்கைதான் விசாரிக்கப்பட வேண்டியது.

பிறகு அந்த இரவுக்கு முன்னால் இருந்த கதைக்குப் போகிறார். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களும் கூலிகளும் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தது, கூலியாக நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டது, மிராசுதார்கள் பதிலுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தது, வெளியூர் ஆட்களை இறக்கியது, சங்கத்தை விட்டு விலகச் சொல்லி மிரட்டியது. இதையெல்லாம் படித்து முடிக்கும்போது டிசம்பர் 25 ஒரு திடீர்ச் சம்பவமாக இருப்பதில்லை. அது ஒரு வரிசையின் கடைசிப் படியாகிவிடுகிறது. 'முன்விரோதம்' என்ற சொல்லில் இல்லாத தேதிகளை அவர் ஒவ்வொன்றாக நிரப்புகிறார். அந்த 'இன்னொரு பக்கம்' செய்தது என்ன? சங்கம் வைத்தது. நெல் கேட்டது. கொடியை இறக்க மறுத்தது.

அவருடைய இந்தக் காலகட்டத்துக் கட்டுரைகள் 'ஹாண்டட் பை ஃபயர்' என்ற தொகுப்பாக 2013இல் வந்தன. வ. கீதாவும் மைதிலியின் மகள் கல்பனா கருணாகரனும் தொகுத்தது. மைதிலி 2021 மே 30 அன்று கொரோனாவில் இறந்தார். கடைசிப் பல ஆண்டுகள் அல்சைமர் நோயில் இருந்தார். நம்முடைய மறதிக்கு எதிராக எழுதியவர் தன் நினைவை இழந்துதான் போனார். அந்தத் தொகுப்பு இருக்கிறது, அதைப் படிக்கலாம்.

4

கீழ்வெண்மணி என்றதும் தமிழ் இலக்கிய வாசகனுக்கு முதலில் நினைவுக்கு வருவது மைதிலி இல்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. (கமல் படம் இல்லை. அந்தப் பெயர் மட்டும்தான் ஒன்று.) 1975இல் வந்து, 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். சரளமான நடை, கூர்மையான உரையாடல். டெல்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் படித்த இளைஞன் வழியாகக் கதை நகர்கிறது. முதல் தடவை ஒரே மூச்சில் படித்தேன்.

அதில் நிலவுடைமையாளரான கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அந்தக் குறையை மறைக்கும் தவிப்பு, அதனால் வரும் வன்மம். நாவலின் தீ இந்தத் தவிப்பிலிருந்துதான் கனிந்து வருகிறது. கூலிப் பிரச்சினை கதையில் உண்டு, சங்கமும் உண்டு. ஆனால் கதையின் இன்ஜின் அது இல்லை. இந்த நாவல் வந்த நாளிலிருந்தே இடதுசாரிகள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். வர்க்கப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்றார்கள். இலக்கியவாதிகள் பக்கத்திலிருந்து வந்த பதில்: நாவல் என்பது செய்தி அறிக்கை இல்லை, மனிதமனத்தின் இருளைத் தேடும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டு.

அந்த உரிமையை நானும் ஏற்கிறேன். எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. ஒரு மிராசுதார் ஆண்மையற்றவராக இருந்ததால் குடிசை எரிந்தது என்றால், ஆண்மையுள்ள மிராசுதார் எரித்திருக்க மாட்டார் என்று ஆகிறது. குற்றம் ஒரு மனிதரின் உடலுக்குள் சுருங்கிவிடுகிறது. அவரைச் சுற்றியிருந்த மற்ற மிராசுதார்கள், அவர்களின் சங்கம், அந்த ஊர்க் காவல்துறை, கார் வைத்திருப்பவர் இதைச் செய்வாரா என்று யோசித்த நீதிமன்றம் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். மனதின் ஆழத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு நாவல் வேறொரு 'முன்விரோதத்தை'க் கண்டுபிடித்திருக்கிறது. என் பெரியப்பாவின் விளக்கத்தைவிட அது அழகானது. ஆனால் அதேமாதிரி முதல் 'ஏன்' என்பதில் நின்றுவிடுகிறது.

வன்முறைக்குப் பாலியல் காரணம் சொல்வது ஏன் இவ்வளவு எளிதாக நம்பும்படியாக இருக்கிறது? இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ஐடா பி. வெல்ஸ் தேவைப்பட்டார்.

5

2020இல் ஐடா பி. வெல்ஸுக்கு புலிட்சரின் சிறப்பு விருது கொடுத்தார்கள். அவர் இறந்து அப்போது 89 ஆண்டுகள். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் அவருடைய பிரசுரங்களைத் தேடிப் படித்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைகளுக்குப் பிறந்தவர். பிறகு மெம்ஃபிஸ் நகரத்தில் பள்ளி ஆசிரியர், அங்கேயே 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற பத்திரிகையின் பங்குதாரர், ஆசிரியர். அந்தக் காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிடுவதும் எரிப்பதும் சாதாரணமாக நடந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள், ஊர் கொதித்துவிட்டது. வெல்ஸ் தன் சுயசரிதையில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் அவரும் இதை ஓரளவு நம்பியிருந்தார். கும்பல் செய்வது தப்புதான், ஆனால் அந்தக் குற்றமும் கொடுமைதானே என்று நினைத்திருந்தார். ஹாஸ்டல் அறையில் இருந்த நான் அந்தப் பக்கத்தைப் படித்தபோது கொஞ்சம் மூச்சு விட்டேன்.

1892 மார்ச் மாதம் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் இன்னும் இரண்டு பேரும் மெம்ஃபிஸ் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ் ஒரு தபால்காரர். மாஸின் மகளுக்கு வெல்ஸ் ஞானத்தாய். செத்த மூவர்மீதும் எந்தப் பெண் விவகாரமும் கிடையாது. அவர்கள் 'பீப்பிள்ஸ் கிராசரி' என்றொரு மளிகைக் கடை நடத்தினார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் மளிகைக் கடை இருந்தது. அவருக்கு வியாபாரம் குறைந்தது. சச்சரவு, ராத்திரியில் கடைமீது தாக்குதல், துப்பாக்கிச் சூடு, கைது, பிறகு கும்பல். மளிகைக்கடைத் தெருவில் வளர்ந்தவன் என்பதால் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தனக்குத் தெரிந்த மனிதர்களின் விஷயத்தில் காரணம் பொய் என்றால், மற்ற விஷயங்களில் என்ன உத்தரவாதம்? வெல்ஸ் ஒவ்வொரு கொலையாக விசாரிக்க ஆரம்பித்தார். பலாத்காரம் என்று சொல்லப்பட்ட பல இடங்களில் இருந்தது இருவரும் விரும்பிய உறவு என்று கண்டார். அந்த ஆண்டு மே மாதம் இதைத் தன் பத்திரிகையில் எழுதினார். கும்பல் அலுவலகத்தை உடைத்து நொறுக்கியது. அவர் அப்போது ஊரில் இல்லாததால் உயிர் தப்பினார். ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அதன்பிறகுதான் 'சதர்ன் ஹாரர்ஸ்' (1892), 'எ ரெட் ரெக்கார்ட்' (1895) என்ற இரண்டு சிறு நூல்களும் வந்தன.

இரண்டாவது நூல்தான் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது. அதில் அவர் தன் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தவில்லை. 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளையர்களின் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொள்கிறார். மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பட்டியலைக் காரணவாரியாகப் பிரிக்கிறார். கொலையுண்டவர்களில் பலாத்காரக் குற்றச்சாட்டாவது இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குற்றச்சாட்டுதான், நிரூபணம் இல்லை. மற்றவர்கள்? வெள்ளையரை எதிர்த்துப் பேசியவர்கள். சந்தேகப்பட்டவனின் உறவினர்கள். நீதிமன்றம் விடுவித்தவர்கள். எந்தக் குற்றமும் சொல்லப்படாதவர்கள். கொன்றவர்களே பதிவு செய்துவைத்த காரணங்களை வரிசையாக அடுக்கியதும் 'பெண்ணின் மானம்' என்ற பெரிய காரணம் தானாகவே உதிர்ந்து விழுகிறது.

நீதிமன்றம் தந்த மதிப்பைத் தலைப்பில் வைத்த மைதிலியும், எதிராளியின் பட்டியலைப் புத்தகமாக்கிய வெல்ஸும் செய்தது ஒரே காரியம். எதிர்த்தரப்பு ஆவணத்தை அதற்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்தார்கள்.

6

பாலியல் காரணம் ஏன் எளிதாக நம்பப்படுகிறது என்பதற்கு வெல்ஸிடம் பதில் இருக்கிறது. அது கேட்பவனின் வாயை அடைத்துவிடுகிறது. மளிகைக்கடைக்காகக் கொன்றோம் என்று யாரும் சபையில் சொல்ல முடியாது. வீட்டுப் பெண்ணுக்காகக் கொன்றோம் என்று சொல்லலாம்.

நாம் இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லே கண்டுபிடித்திருக்கிறோம்: 'நாடகக் காதல்'. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லப்பட்ட காரணம் ஒரு காதல் திருமணம். எரிந்தவற்றில் பீரோவும் டூவீலரும் சான்றிதழ்களும் இருந்தன. பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பொருட்கள். ஒரு கல்யாணத்துக்கு எதற்கு அத்தனை வீடுகள்? வெல்ஸைப் படித்தவருக்கு இந்தக் கேள்வி தானாக வரும். 'நாடகம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அது பையனை நடிகனாக்குகிறது, பெண்ணை ஏமாளியாக்குகிறது. அவளுக்கு என்று ஒரு விருப்பம் இருந்திருக்க முடியாது என்கிறது. மெம்ஃபிஸில் வெல்ஸின் அச்சகத்தை உடைத்தவர்களின் கோபமும் இதுதான். வெள்ளைப் பெண் விரும்பியிருக்கலாம் என்று எழுதியதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற இன்ஜினியரிங் பட்டதாரியின் உடல் நாமக்கல் மாவட்டத்தில் தண்டவாளத்தில் கிடந்தது. முதலில் வந்த காரணம் தற்கொலை. திருச்செங்கோடு கோயிலின் கேமரா வேறொன்றைக் காட்டியது. வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டிருந்தார். வழக்கு எங்கள் மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. என் படிப்பைப் படித்த ஒருவனின் சாவுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணத்தோடு கோப்பு மூடப்பட்டிருந்தால் அது இன்னொரு தற்கொலையாகவே இருந்திருக்கும்.

'காரணம்' என்பது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினையும்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்தினால் குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தது. மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் 2006இல் ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில், தண்டனை கிடைத்தும் நீதிமன்றங்கள் சாதிக் காரணத்தை ஏற்கவில்லை. பழிவாங்கல் என்றார்கள். அதாவது முன்விரோதம். பிறகு வந்த திருத்தம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பிரிவில் 'காரணத்தினால்' என்பது போய், பட்டியல் சாதியினர் என்று 'தெரிந்தே' என்ற பொருளில் சொற்கள் மாறின. ஒரு சொல்லை மாற்ற அத்தனை சாவுகள் வேண்டியிருந்தன.

7

இரண்டு பேரையும் தூக்கிப் பிடித்துவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது. இருவரிடமும் எனக்குக் குறைகள் உண்டு.

வெல்ஸ் 1893இலும் 1894இலும் பிரிட்டனுக்குப் போய், ஆங்கிலேயரின் மனசாட்சியிடம் முறையிட்டார். நாகரிகமான கிறிஸ்தவ நாடு என்று அவர்களை அழைத்து, அமெரிக்காவை வெட்கப்பட வைத்தார். தந்திரமாக அது பலித்தது. ஆனால் அதே பிரிட்டன் அப்போது நம்மை ஆண்டுகொண்டிருந்தது. மதுரையிலிருந்து அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நெருடுகிறது. அதே 1893இல்தான் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஒரே காலத்தில், இரண்டு கண்டங்களில், அச்சு இயந்திரத்தை நம்பிய இரண்டு பேர். ஒருவரை நமக்கு புலிட்சர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொருவரைச் சொல்லவும் யாரும் வரவில்லை.

மைதிலியிடம் இருக்கும் குறை நாம் ஏற்கனவே விவாதித்துக்கொண்டிருப்பது. அவர் கட்டுரைகளில் சாதி இல்லாமல் இல்லை, ஆனால் கூலி முன்னால் நிற்கிறது. கூலி கேட்டவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள், எரிந்த குடிசைக்குள் இருந்தவர்கள் ஏன் ஒரே சேரியினர் என்ற கேள்வியைத் தலித் விமர்சகர்கள் எழுப்பினார்கள். அது சரியான கேள்வி. அதுதான் ஐந்தாவது 'ஏன்'. அதோடு, வெல்ஸ் எழுதியது தன் நண்பனின் சாவை. மைதிலி எழுதியது தான் தேடிப்போன ஊரின் சாவை. வெளியிலிருந்து வருகிறவரால் நேர்மையாக எழுத முடியும் என்பதற்கு மைதிலியே சாட்சி. ஆனால் அது போதாது. பத்திரிகையாளர் ஜெயராணியின் 'ஜாதியற்றவளின் குரல்' போன்ற தொகுப்புகள் பிறகு வந்து, சாதியைப் பின்னணியில் வைக்காமல் நேராகப் பெயர் சொல்லிப் பேசியது அதனால்தான் முக்கியம்.

நானும் வெளியிலிருந்து எழுதுகிறவன்தான். வெளியே என்றால் தூரத்தில் இல்லை. நடுவில், கடைக்கல்லாவுக்குப் பின்னால்.

8

இனி, பெரியப்பா சொல்லாமல் விட்ட தேதிகள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டு வாபஸ் வாங்கினார்கள். குடிசைகள் எரிந்தன. மறுபடி நடந்த வாக்குப்பதிவு வன்முறையால் நின்றது. டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். ஊராட்சித் தலைவர் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று மேலூர்க்காரர்களுக்குத் தெரியும். கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமர ஏலம், ரோடு கான்ட்ராக்ட், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. அதைவிட, கிராமசபையில் அவர் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் எழுந்து பேச வேண்டும்.

ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார் முருகேசன். எரிந்த குடிசைகளுக்கு நஷ்டஈடு கேட்கப் போயிருந்தார். பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து, அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் இன்னும் நான்கு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. அதற்கு நடுவிலேயே, 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர் விடுதலையானார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேர். தண்டனைக்குக் காரணம் எழுதப் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. விடுதலைக்குக் காரணம் இரண்டு தலைவர்களின் பிறந்தநாள்.

மேலவளவில் அறுவருக்கும் 'விடுதலைக்களம்' என்ற நினைவிடம் இருக்கிறது. மேலூரிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். நான் முதல் தடவை போனபோது எனக்கு முப்பத்திரண்டு வயது.

இந்தக் கட்டுரைக்குக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கடைக்குப் போவதில்லை. அவரிடம் கேட்டேன். "ரெண்டு பக்கமும் தப்புன்னு சொன்னீங்களே பெரியப்பா, அவங்க பக்கம் என்ன தப்பு?"

கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தப்பு, மனு போட்டாங்க. அதான்" என்றார். பிறகு, "அன்னைக்கே தெரியும்டா எல்லாருக்கும்" என்றார்.

வெல்ஸைப் படித்து, மைதிலியைப் படித்து, தேதிகளைச் சேகரித்து நான் வந்து சேர்ந்த பதில் அவரிடம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் எல்லோரிடமும் இருந்திருக்கிறது. 'முன்விரோதம்' என்று சொன்னவர்கள் யாரும் தெரியாமல் சொல்லவில்லை. ஆகவே இந்த இரண்டு பெண்களும் தெரியாததைக் கண்டுபிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது. ஊருக்கே தெரிந்திருந்ததை எழுத்தில், பெயரோடும் தேதியோடும் வைத்தார்கள்.

ஹாஸ்டல் நண்பனுக்கு அன்று ராத்திரியே மெசேஜ் அனுப்பினேன். பத்தொன்பது வருஷம் பிந்திய பதில். நீல டிக் விழுந்தது. அவன் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.